வாய் காயாமல் பார்த்துக்கொள்வது

"தண்ணி கூடக் கொடுக்காம என் தம்பியைப் படுக்கப் போட்டு வச்சிருக்கீங்களேடி" என்று அத்தை வாசற்படியிலேயே நின்று கேட்டார். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை, கையில் ஒரு பை நிறைய நுங்கு. அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்து 26 நாள் ஆகியிருந்தது. கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள்தான். நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டதையே நானும் ராத்திரி முழுக்க எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் 31 வருஷம் வேலை பார்த்தவர். விடியற்காலை போட் கிளம்புவதற்குள் ஐஸ் பாரை இழுத்து உடைத்து ஏற்றிவிட வேண்டும். சின்ன வயதில் அவர் வேலை முடிந்து வந்து என் கன்னத்தைத் தொட்டால் விரல் சில்லென்று இருக்கும். இரைப்பையில் புற்றுநோய் என்று தெரியவந்தபோதே கல்லீரல்வரை பரவியிருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் இரண்டு தடவை கீமோ கொடுத்தார்கள். மூன்றாவது தடவைக்கு உடம்பு தாங்காது என்று ஆனதும் டாக்டர் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். "கட்டியைக் குறைக்க இனிமேல் மருந்து இல்லம்மா. ஆனா வலி, வாந்தி, மூச்சு வாங்கறது, இதையெல்லாம் குறைக்க நிறைய மருந்து இருக்கு. அதுக்கு உங்க வீடே நல்ல இடம்" என்றார். அன்று மாலை காரில் கடலூர் வரும்வரை அம்மா வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா 41 நாள் இருந்தார். அந்த நாட்களில் நாங்கள் சரியாகச் செய்தவையும் உண்டு, தெரியாமல் செய்த தவறுகளும் உண்டு. இப்போது இன்னொரு வீட்டில் யாரோ ஒருவர் இதே மாதிரி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் பெயரும் அளவும் அவரவர் டாக்டர் சொல்வதுதான். நான் சொல்ல வருவது கையால் செய்யும் வேலைகளைப் பற்றி.

முதல் தவறு வலி மாத்திரையில் நடந்தது. மார்பின் (morphine) என்ற அந்த வலி மருந்து எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கத் தயங்கிய காலம் உண்டு. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே உரிமத்தில் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. அப்பாவுக்கு 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அந்த அட்டையைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, "முனகினா கொடுக்கலாம், போதை பழகிடப் போகுது" என்றார். மூன்று நாள் அப்படித்தான் ஓடியது. வலி ஏறிய பிறகு கொடுத்தால் அது இறங்குவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நாலாம் நாள் முதல் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுத்தோம். டாக்டர் சொன்னபடி இரவு 10 மணிக்கு மட்டும் முழு மாத்திரை. நடு ராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. இரண்டே நாளில் அப்பா செய்தித்தாள் கேட்டார். வலிக்காகச் சாப்பிடுகிறவருக்குப் போதைப் பழக்கம் வந்துவிடும் என்று பயந்து அந்த மூன்று நாளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோமே என்று அம்மாவுக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

மார்பின் கொடுத்தால் மலம் இறுகும். அதனால் அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, வாய் வறண்டுபோகும். அப்போது அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலியையும் தொல்லைகளையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு நர்ஸ் வீடு தேடி வருவார் என்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் வாரத்தில் சிஸ்டர் வந்தார். என்னைவிட பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வந்ததும் பிரஷர் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "அய்யா, கொஞ்சம் வாயத் திறக்கிறீங்களா?" டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கில் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கன்னத்தின் உட்பக்கமும் அப்படியே. பூஞ்சை. அப்பா மூன்று நாளாகக் கஞ்சி வேண்டாம் என்று தலையாட்டியதற்குப் பசியின்மை மட்டும் காரணமில்லை, விழுங்கும்போது எரிந்திருக்கிறது. மருந்து தடவிய நாலாம் நாள் அரை டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். தினமும் மூன்று வேளை பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியவள் நான். ஒரு தடவைகூட டார்ச் எடுத்து அவர் வாய்க்குள் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவால் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க முடியாமல் ஆனது. அம்மா பரணில் இருந்த தகரப் பெட்டியைத் துழாவி வெள்ளிப் பாலாடையை எடுத்தார். எனக்கும் தம்பிக்கும் பால் புகட்டியது. புளி போட்டுத் துலக்கி, வெந்நீரில் கழுவி, அப்பாவைப் படுத்தபடியே வைத்து அதில் தண்ணீர் விட்டார். அப்பாவுக்குப் புரை ஏறியது. கண்ணெல்லாம் சிவந்து, மூச்சு திரும்ப ஐந்து நிமிஷம் ஆனது. அடுத்த தடவை சிஸ்டர் வந்தபோது பாலாடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு டீஸ்பூன் கேட்டார். தலையணைகளை அடுக்கி அப்பாவைப் பாதிக்கு மேல் நிமிர்த்தி உட்காரவைத்தார். முகவாய் மேலே தூக்கிக்கொண்டிருக்காமல் நெஞ்சுப் பக்கம் லேசாகக் குனிந்திருக்கும்படி தலைக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்தார். அரை ஸ்பூன் தண்ணீரை நாக்கின் நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். "குரல்வளை ஏறி இறங்குதா பாருங்கக்கா. இறங்கினத பாத்துட்டுதான் அடுத்த ஸ்பூன்." குடித்து முடித்ததும் அப்பாவைப் பேச வைத்தார். குரல் கொழகொழவென்று ஈரமாகக் கேட்டால் தண்ணீர் தொண்டையிலேயே நிற்கிறது என்று அர்த்தம், அதற்குமேல் கொடுக்கக் கூடாது. குடித்த பிறகும் அரை மணி நேரம் சாய்ந்த வாக்கில்தான் வைத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீர் சட்டென்று ஓடிவிடுவதால்தான் புரை ஏறுகிறது. கொஞ்சம் கெட்டியான அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், மசித்த நுங்கு எல்லாம் மெதுவாக இறங்கும். தூங்கி வழிகிறவருக்கு எதையும் புகட்டக் கூடாது. இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தோம்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் இரண்டு நாள் விடாமல் வாந்தி. கண் குழிவிழுந்தது. பேச்சு குழறியது, என்னைப் பார்த்து என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிஸ்டர் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து தொடையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, 500 மில்லி சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினார். நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக, 8 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊசி இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவு புடைத்திருந்தது, காலைக்குள் வடிந்துவிட்டது. வாந்தி நிற்க மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு ராத்திரி இப்படி. மூன்றாம் நாள் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "டீ போடும்மா" என்றார். வாசல் திண்ணைவரை கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்காரவைத்தோம். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பேசினார்.

இதனால்தான் அத்தை வந்த அன்று என்னால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒருமுறை சலைன் ஏற்றினோம், எழுந்து உட்கார்ந்தார். இப்போது நாலு நாளாகச் சாப்பாடு இல்லை, தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு டம்ளருக்கும் கீழே. திரும்பவும் ஏற்றினால் என்ன? குவைத்திலிருந்து தம்பியும் போனில், "காசு பிரச்சினை இல்லக்கா, குளுக்கோஸாவது ஏத்துங்க" என்றான். சிஸ்டர் வர இரண்டு நாள் இருந்தது. பக்கத்தில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற ஒருவரை அத்தை அழைத்துவரச் சொன்னார். நானும் சரி என்றேன். அவர் கை நரம்பில் குத்தி, மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டுப் போனார். மொத்தம் 1 லிட்டர்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்பாவின் நெஞ்சில் கடகடவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவரால் படுக்க முடியவில்லை. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் முதுகைத் தாங்கி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் டாக்டர் போனிலேயே சிறுநீர் பிரிவதற்கு மருந்து சொன்னார். சிஸ்டர் வந்து ஊசி போட்டு மூச்சு கொஞ்சம் அடங்க மதியம் ஆனது.

அதன் பிறகு டாக்டர் போனில் பொறுமையாக விளக்கினார். முதல் தடவை வாந்தியால் போன நீரைத் திருப்பிக் கொடுத்தோம், உடம்பில் அதை வாங்கிக்கொள்ளத் தெம்பு இருந்தது. இப்போது ரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டது, சிறுநீரகம் மந்தமாகிவிட்டது. ஏற்றுகிற நீர் ரத்தக் குழாயில் நிற்காமல் கசிந்து காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் போய்ச் சேருகிறது. தாகத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் செய்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். கடைசிக் கட்டத்தில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1 லிட்டர், மற்றவர்களுக்குத் தினமும் 100 மில்லி மட்டும். சோர்வு, குழப்பம் போன்ற தொல்லைகளிலும் சரி, உயிரோடு இருந்த நாட்களிலும் சரி, இரண்டு பகுதிக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. "சாப்பிடாததால அவர் தளர்ந்து போகலம்மா. உடம்பு தன் வேலையை ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டு வருது, அதனாலதான் சாப்பாடு வேண்டாம்னு இருக்கு" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

வாந்தி, பேதி, கடும் வெயில், காய்ச்சல் இவற்றால் திடீரென்று நீர் வற்றிப்போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஏற்றுவதால் பலன் உண்டு. நாளாக நாளாகத் தூக்கம் கூடி, சாப்பாடு குறைந்து, கால் வீங்கி, தானாகவே தண்ணீர் குறைந்தால் அது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைக் கேட்காமல் பாட்டில் மாட்டக் கூடாது. அந்த ராத்திரியை நினைத்துச் சொல்கிறேன்.

அப்பா எவ்வளவு குடித்தார் என்று நான் அதுவரை 40 பக்க நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலை 30 மில்லி, மதியம் 20 மில்லி, ராத்திரி இல்லை. எண் குறையக் குறைய எனக்கு நெஞ்சு அடைக்கும். சிஸ்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இதை நிறுத்திடுங்கக்கா. வாய் எப்படி இருக்குன்னு மட்டும் எழுதுங்க. ஈரமா இருக்கா, புண் இருக்கா, உதடு வெடிச்சிருக்கா." அன்றிலிருந்து நோட்டில் மில்லிக் கணக்கு இல்லை. என் வேலை என்ன என்பதும் அன்றைக்குத்தான் தெளிவாயிற்று.

கடைசிக் கட்டத்தில் இருப்பவர் உணரும் தாகம் பெரும்பாலும் வாயில்தான் இருக்கிறது. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவதால் வாய் காய்கிறது. மாத்திரைகளாலும் காய்கிறது. அது பாட்டில் ஏற்றினால் தீராது, வாயை நனைத்தால்தான் தீரும். சிஸ்டர் செய்துகாட்டியபடி நாங்கள் செய்தது இது. கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ்ஷை அதில் நனைத்து, உதறி, பல், ஈறு, கன்னத்தின் உட்பக்கம், நாக்கு என்று மெதுவாகத் துடைக்க வேண்டும். நாக்கின் அடிவரை போனால் குமட்டும். பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து தொண்டையில் ஒட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் காஸ் துணி அல்லது நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துண்டு. விரலில் சுற்றி நனைத்துப் பிழிந்துவிட வேண்டும். சொட்டக் கூடாது. பல் செட்டை ராத்திரி கழற்றி வைத்துவிட வேண்டும். உதட்டுக்கு வாசலின் மெல்லிசாக. ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு வாசலின் கூடாது, தண்ணீர்ப் பசையில் செய்த களிம்பு கேட்டு வாங்க வேண்டும். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தோம். கடைசி நாட்களில் அரை மணிக்கு ஒருமுறை வெறுமனே நனைத்துவிட்டோம்.

இந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே. சுவர் ஓரமாகப் பாயைப் போட்டுக்கொண்டு அப்பாவின் தலைமாட்டிலேயே இருந்தார். அவர் கொண்டுவந்த நுங்கில் பிஞ்சாகப் பார்த்துத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் நீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைப்பார். அப்பாவுக்கு டீ என்றால் உயிர். துறைமுகத்தில் விடியற்காலை குடித்துப் பழகியது, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை தூக்கலாக. அதைப் போட்டு ஆறவைத்து அத்தை துணியில் நனைத்து வைத்ததும், இரண்டு நாளாகக் கண் திறக்காத அப்பா உதட்டைக் குவித்து அந்தத் துணியைச் சப்பினார். குழந்தை சப்புவதுபோல. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு துணியைத் தண்ணீரில் மட்டும் நனைக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. டீ, மோர்த் தெளிவு, எலுமிச்சை பிழியாத பானகம். எலுமிச்சை புண்ணில் எரியும், வாயை இன்னும் உலர்த்தும்.

விழுங்க முடிந்த நாட்களில் ஐஸும் கொடுத்தோம். ஃப்ரீசரில் இளநீரை ஊற்றி வைத்து, உறைந்ததை வெள்ளைத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் தட்டி, பட்டாணியைவிடச் சின்னதாகப் பொறுக்கி நாக்கில் வைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே அதைக் கரையவிட்டார். "பார் ஐஸ் இவ்ளோ சீக்கிரம் கரையாதும்மா" என்றார். அப்புறம் ஒரு பார் எத்தனை கிலோ, மழைக்காலத்தில் எத்தனை பார் குறையும், முதுகில் சாக்கு போட்டுக்கொண்டு எப்படி இழுப்பார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் கோர்வையாகப் பேசியது அதுதான் கடைசி.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் மே மாதம் அப்படி. உள் அறை மேற்குப் பார்த்தது, மாலையில் சுவரே கொதிக்கும். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். ரப்பர் ஷீட் நேராக முதுகில் பட்டால் வியர்த்துத் தோல் ஊறிவிடும், மேலே இரண்டு மடிப்புப் பருத்தித் துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க, பழைய எட்டு முழ வேட்டியை மடித்து முதுகிலிருந்து தொடைவரை அடியில் விரித்து வைத்திருந்தோம். இரண்டு பேர் இரண்டு பக்கம் வேட்டியைப் பிடித்துத் தூக்கினால் தோல் உரசாமல் திரும்புவார். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. எலும்பு துருத்தும் இடம் சிவந்தால் பவுடர் போட்டுத் தேய்க்கக் கூடாது. நான் ஒருநாள் தேய்த்தேன், மறுநாள் அங்கே தோல் பிய்ந்தது. மூச்சு வாங்கும்போது முகத்தில் படும்படி விசிறினால் நிஜமாகவே ஆறுதல் கிடைக்கிறது. கரண்ட் போன மதியங்களில் பனை விசிறிதான்.

35-ஆம் நாள் ராத்திரி அப்பா போர்வையைப் பிடித்து இழுத்தார், காலை உதறினார், எழுந்து போக வேண்டும் என்பதுபோலக் கையை ஊன்றினார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் வலி என்று நினைத்து மார்பின் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று சிஸ்டருக்குப் போன் செய்தேன். "தொப்புளுக்குக் கீழ தொட்டுப் பாருங்கக்கா" என்றார். பந்து மாதிரி கல்லாக இருந்தது. காலையிலிருந்து அவர் சிறுநீர் கழிக்கவில்லை. தண்ணீரே குடிக்கவில்லை, அதனால்தான் என்று நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். சிஸ்டர் அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து டியூப் போட்டார். 600 மில்லி வந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் அப்பா தூங்கிவிட்டார். வாய் பேச முடியாதவர் அலைக்கழிந்தால் முதலில் சிறுநீர், அப்புறம் மலம், அப்புறம் முதுகுக்கடியில் துணி சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். வலி மாத்திரையைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கடைசி நாலு நாள் விழுங்குவது அறவே நின்றது. மார்பின் மாத்திரையை நுணுக்கி மூன்று நாலு சொட்டுத் தண்ணீரில் கரைத்துக் கன்னத்துக்குள் விடச் சொன்னார் டாக்டர். சாதாரண மார்பின் மாத்திரையை மட்டுமே அப்படி நுணுக்கலாம், 12 மணி நேரம் வேலை செய்யும் வகையை நுணுக்கவே கூடாது. தொண்டையில் கரகரப்பு வந்தது. முன்பு பாட்டில் ஏற்றிய ராத்திரி வந்ததுபோல இல்லை, லேசாக. எச்சிலை விழுங்கத் தெம்பில்லாததால் வருவது, அவருக்கு அது வேதனையில்லை என்று சிஸ்டர் சொன்னார். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தியதும் பாதி குறைந்தது, மீதி ஓர் ஊசியில். மூச்சு நின்று நின்று வரும், பாதம் நீலம் பாரிக்கும், பயந்து 108-க்குப் போன் செய்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். வீட்டிலேயே என்று முடிவெடுத்திருந்தால் அந்த முடிவு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு வீடியோவில் இதையெல்லாம் நானே சொன்னேன். வீட்டில் இறந்தால் சான்று எழுதிக் கொடுக்க எந்த டாக்டர் வருவார் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொண்டோம். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சமயத்தில் அலைய முடியாது.

40-ஆம் நாள் மாலையில் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பால் ஊற்ற வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு டம்ளர், ஸ்பூன். எனக்குக் கை நடுங்கியது. விழுங்க முடியாதவரின் வாயில் இருபது பேர் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் விடைபெற வந்திருக்கிறார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அத்தை தலைமாட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. முதலில் வந்த பெரியப்பா மகனின் கையிலிருந்த ஸ்பூனை வாங்கிக் கீழே வைத்தார். கிண்ணத்தில் பாலைக் கொஞ்சமாக ஊற்றி, வேட்டித் துண்டின் நுனியை அதில் நனைத்து, கிண்ணத்தின் விளிம்பில் வைத்துச் சொட்டுப் போகப் பிழிந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஊத்தாதீங்கப்பா. உதட்டுல வைங்க, போதும். அவனுக்கு ருசி தெரியும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அத்தை புதுத் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்தார். கடைசியில் என் முறை வந்தபோது நான் பாலை எடுக்கவில்லை. உள்ளே போய் ஃப்ரீசரைத் திறந்து, இளநீர் ஐஸ் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் கரையவிட்டு, அந்த ஈர விரலை அப்பாவின் கீழ் உதட்டில் வைத்தேன்.